யார் நம்பரைக் கொடுத்திருக்கிறாய்?

கண்ணு,

நீ இதைப் படிக்கும்போது உனக்கென்று ஒரு வீடு இருக்கும். வாடகைக்காவது ஒன்று பார்த்திருப்பாய். அதற்கு முன் படிக்காதே, பிரயோஜனம் இல்லை. இப்போது உனக்கு மூன்று வயதுகூட முடியவில்லை. என் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஃபிரிட்ஜுக்கு அடியில் தள்ளிவிடுவதுதான் உன் முழுநேர வேலை. பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற அப்பாக்கள் தலை நரைத்த பிறகு உட்கார்ந்து எழுதுவார்கள். எனக்கு அத்தனை பொறுமை கிடையாது. அது மட்டுமில்லை, வயதான பின் எழுதினால் நடந்ததையெல்லாம் எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேன். போன திங்கட்கிழமை உன் அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அதற்கு முந்தின வாரம் அது நடக்காமலே போகப் பார்த்தது. நினைவு கலையும் முன் எழுதிவைக்கிறேன். வேறு யாராவது படித்தாலும் ஆட்சேபணை இல்லை. வீட்டில் நாலு பிளக் பாயின்ட் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் சாமான்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடு வைத்தவுடன் நீ செய்யப்போகும் முதல் முட்டாள்தனம் அங்கேதான் இருக்கும். நான் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். கோயமுத்தூரில் தெருவுக்கு நாலு பேர் அப்படி இருப்பார்கள், அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் ஓடுகிற எந்தப் பொருளைப் பார்த்தாலும் இது எங்கே மக்கர் பண்ணும் என்றுதான் என் புத்தி போகும். அந்தப் புத்தியில் சொல்கிறேன். ரிமோட்டில் மட்டுமே ஓடுகிற ஃபேன் வாங்காதே. கரண்ட் மிச்சமாவது உண்மைதான், ஆனால் ரிமோட் சோபா இடுக்குக்குள் போன அன்று வீடே தலைகீழாகும். சுவரில் ஒரு சுவிட்சாவது இருக்கிற மாடலாகப் பார். மிக்ஸியில் இட்லி மாவு அரைக்காதே, சூடேறி மாவு கெட்டுப்போகும். சின்ன டேபிள் டாப் கிரைண்டர் போதும். எங்கள் கல்யாணத்துக்குச் சீராக வந்தது ஒரு கூட்டுக்குடும்பத்துக்கே அரைக்கக்கூடிய கிரைண்டர். அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். இன்றுவரை அதன்மேல் துணிக்கூடைதான் இருக்கிறது. தானாகத் தரை பெருக்கும் உருண்டை மெஷின் நம் வீட்டு நிலைப்படிகளைத் தாண்டாது. ஒரு அறையைப் பெருக்கிவிட்டு அடுத்த அறை வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும், நாம்தான் போய்த் தூக்கிவிட வேண்டும். பேச்சைக் கேட்டு லைட் போடுகிற ஸ்பீக்கரும் அப்படித்தான். உன் அம்மாவின் தமிழ் அதற்குப் புரியவில்லை. அவளும் அதற்காகத் தன் தமிழை மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. குக்கருக்கு கேஸ்கட், மிக்ஸிக்கு ஜார் வாஷர், அடுப்புக்கு ஒரு லைட்டர், இவற்றில் எல்லாம் ஒன்று அதிகமாக வாங்கி வீட்டில் வை. பழைய பொருள் என்பதற்காக எதையும் தூக்கிப் போடாதே, பழையது என்பதற்காகக் கட்டிப்பிடித்துக்கொண்டும் இருக்காதே. உதிரி பாகம் கிடைக்கிற வரைக்கும்தான் ஒரு மெஷினுக்கு உயிர்.

நான் பார்த்த வீட்டுக் கருவிகளிலேயே ஒழுங்கான கருவி எது என்று கேட்டால், அது வீட்டுக்குள்ளேயே இல்லை. கிணத்துக்கடவுப் பக்கம் என் அப்பாவின் தென்னந்தோப்பில் மோட்டார் ரூமுக்குள் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கிறது. அதற்குள் ஒரு சிம் கார்டு. அப்பா டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் போன் போடுவார், மோட்டார் ஓட ஆரம்பிக்கும். கரண்ட் போனாலும் வந்தாலும் கிணற்றில் தண்ணீர் குறைந்தாலும் அது திரும்ப அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லும். ஒரு கல்யாண மண்டபத்தில் மணமேடைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவர் அந்தப் போனை எடுத்துக் கேட்டுவிட்டு, "த்ரீ ஃபேஸ் வந்துருச்சாம்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தப் பெட்டி எதனால் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

உன் அம்மா லேப் டெக்னீஷியன். நீ பிறப்பதற்கு முன் வேலையை விட்டாள். உனக்கு இரண்டு வயது தாண்டியதும் மறுபடியும் விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். கிணத்துக்கடவில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் கூப்பிட்டார்கள். நாம் இருப்பது சுந்தராபுரத்தில். பொள்ளாச்சி பஸ் ஏறினால் நேரே போய் இறங்கலாம். அந்தச் செய்தி வந்த வாரம் தாராபுரத்தில் இருந்து என் பெரியப்பா, தன் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். காப்பி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏஞ்சாமி, ஊட்ல ஆளே இல்லாம ஊடு எப்படி ஓடும்?"

"அதான் எல்லாத்துக்கும் மெஷின் இருக்குதுல்லங்க பெரியப்பா."

"மெஷினு இருக்குது, செரி. இந்தக் காப்பிய உன்ற மெஷினா போட்டுச்சு? அம்மணிதான போட்டுச்சு."

சமையலறையில் இருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. "டிகாஷன் மெஷின்தானுங்க மாமா எறக்குச்சு. நான் ஆத்திக் குடுத்தது மட்டுந்தான்."

பெரியப்பா சிரித்துவிட்டார். ஆனால் அவர் போன பிறகு உன் அம்மா சிரிக்கவில்லை. அவர் கேட்ட கேள்வியேதான் அவளுக்கும் இருந்தது. ஊரில் இருந்து யாரையாவது கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் அதற்கு ஒப்பவில்லை. இன்னொருவர் தன் வீட்டை விட்டுவிட்டு வந்து நம் வீட்டைப் பார்த்தால்தான் நான் வேலைக்குப் போக முடியும் என்றால், அந்த வேலையே எனக்கு வேண்டாம் என்றாள். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். ஒரு பம்பை வெளியே அனுப்பும் முன் தொட்டியில் இறக்கி, முழுச் சுமை கொடுத்து ஓட்டிப் பார்ப்போம். எங்கே ஒழுகுகிறது, எங்கே சூடேறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

"ஒரு வாரம் லோடு டெஸ்ட் பண்ணிப் பாத்தரலாம்."

"எதைய, ஊட்டையா?"

"ஆமா. நீ வேலைக்குப் போற மாதிரியே காலைல கெளம்பிப் போயிரு. எங்க ஒழுகுதுன்னு பாப்போம்."

"ஒழுகுனா?"

"அடைச்சுக்கலாம்."

"எதைய வெச்சு அடைப்பீங்க, என்னய வெச்சா?"

அந்தக் கேள்வியை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவளுடைய சிநேகிதி ஒருத்தி உக்கடத்துப் பக்கம் ஒரு லேபில் இருக்கிறாள். அங்கே புதிதாக வந்த மெஷின்களைப் பழகிக்கொள்ள ஒரு வாரம் போய்வருவது என்று முடிவானது. நீ பிளே ஸ்கூலுக்கு. நான் வழக்கம்போல் கம்பெனிக்கு. டெஸ்ட்டுக்காக நான் ஒரு பாத்திரம் கழுவும் மெஷினும் வாங்கி வைத்திருந்தேன். டெஸ்ட் வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமை வேலையில் சேருவதா இல்லையா என்று அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமைக்குள், ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிறவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மெஷின் துணியைத் துவைத்தது, சோறு வெந்தது, நீ பிளே ஸ்கூலில் அழாமல் இருந்தாய். ஆனால் உன் அம்மாவிடம் இருந்து எனக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. கேஸ்காரர் வாசலில் நிற்கிறாராம், என்ன செய்ய. பிளே ஸ்கூலில் உனக்கு மாற்று டிரவுசர் கேட்கிறார்களாம், எடுத்துப் போக முடியுமா. தண்ணீர் ஃபில்டர் சர்வீஸ்காரர் வருகிறாராம். நான் டெஸ்ட் தொட்டிப் பக்கம் இரைச்சலில் நின்றுகொண்டு, இவளுக்கு வீட்டைவிட்டு மனம் நகர மாட்டேன் என்கிறது என்று நினைத்தேன். ஒரு தடவை சொல்லியும்விட்டேன்: "வேலையப் பாரு, ஊட்ட மறந்துரு."

புதன்கிழமை மாலை நான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். பைகூடத் தோளில் இருந்து இறங்கவில்லை. நல்ல தண்ணீர் வந்து போயிருந்தது. உன் காலத்தில் எப்படியோ தெரியாது, இப்போது நம் தெருவில் இரண்டு தண்ணீர். போர்வெல்லில் இருந்து வரும் உப்புத் தண்ணீர் எந்நேரமும் உண்டு. குடிக்கவும் சமைக்கவும் உதவுகிற நல்ல தண்ணீர் சில நாட்களுக்கு ஒரு முறைதான் குழாயில் வரும். வரும் நேரத்தில் வாசலில் உள்ள வால்வைத் திறந்து தொட்டியில் பிடிக்க வேண்டும். அன்றைக்குத் திறக்க ஆள் இல்லை. போதாததற்கு என் பாத்திரம் கழுவும் மெஷினை நான் உப்புத் தண்ணீர் குழாயில் இணைத்திருந்தேன். தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்த்து மெஷினில் அளவு வைக்க வேண்டும் என்று கூடவே வந்த புத்தகத்தில் முதலிலேயே போட்டிருந்தது, படிக்கவில்லை. அவள் அதன் கதவைத் திறந்து காட்டினாள்.

"டம்ளரெல்லாம் துண்ணூறு பூசிட்டு நிக்குது பாருங்க. பழனிக்குக் கெளம்பிருச்சாட்ட இருக்குது."

நான் சிரித்தேன். அவள் உட்கார்ந்தாள். குரல் மாறிவிட்டது.

"ஏனுங்க, இது நமக்குச் சரிப்படாதுங்க. அந்த ஆஸ்பத்திரி மேடத்துக்குப் போன் பண்ணி வரலீன்னு சொல்லிப்போடறேன்."

"டெஸ்ட்ல ஒழுகுனா பம்ப மாத்துவாங்களா, கம்பெனிய மூடுவாங்களா? நீ எதுக்கு இத்தன தடவ போன் பண்ற? ஊட்டப் பத்தி நெனைக்காம இருந்தீன்னா..."

"நானுங்களா நெனைக்கறேன்?" என்றாள். "கேஸ்காரன் என்னயக் கூப்படறான். ஸ்கூல் மிஸ்ஸு என்னயக் கூப்படறாங்க. ஃபில்டர்காரன் என்னயக் கூப்படறான். துணி மெஷினு வாங்குன கடைல இருந்து வாரண்டி நீட்டிக்கறீங்களான்னு கேக்கறான். நான் அதைய உங்களுக்குச் சொல்றேன். இன்னைக்கு என்னாச்சு தெரியுங்களா? ஒருத்தரோட ரத்த ட்யூபுல இன்னொருத்தர் பேர ஒட்டப் போனனுங்க. ஓடிபி சொல்லுங்க்கா, ஓடிபி சொல்லுங்க்கான்னு காதுல ஒருத்தன் கத்திட்டிருந்தான். என்ற சிநேகிதி பாத்துக் கையப் புடிச்சா, தப்புச்சுது. அப்பறந்தான் போன பைக்குள்ள போட்டு மூடிப்போட்டேன். அதனாலதான் தெரு வாட்ஸ்அப் குரூப்புல தண்ணி வருதுன்னு போட்டதையும் பாக்கல, எதிர்வீட்டு அக்காகிட்ட வால்வத் தொறக்கச் சொல்லவும் முடியல."

பிறகு பையைத் தோளில் இருந்து இறக்கி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இவங்களுக்கெல்லாம் என்ற நம்பர யாருங்க குடுத்தது?"

நான்தான் கொடுத்தேன். கண்ணு, இதில் நான் அழுது புலம்ப ஒன்றும் இல்லை, எப்படி நடந்தது என்று மட்டும் பார். ஒவ்வொரு பொருளையும் வாங்கியவன் நான். கடையில் பில் போடும் இடத்தில் நம்பர் கேட்பார்கள். நான் பகலில் இரைச்சலில் இருப்பேன், அவள் வீட்டில்தானே இருக்கிறாள் என்று அவள் நம்பரைச் சொல்வேன். ஃபிரிட்ஜுக்கு, ஃபில்டருக்கு, கேஸுக்கு, கரண்ட் ஆபீஸுக்கு, உன் பிளே ஸ்கூலுக்கு. நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள், எல்லா வீட்டிலும் இதேதான் நடந்திருக்கிறது. தப்பு என்று யாரும் நினைத்ததில்லை, ஏனென்றால் அவரவர் இடத்தில் அது சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மெஷினுக்கு யார் நம்பரைக் கொடுக்கிறோமோ, அந்த மெஷினுக்கு அவர்தான் வேலையாள். நான் மெஷின் வாங்க வாங்க அவளுக்கு முதலாளிகள் பெருகியிருக்கிறார்கள்.

டெக்னிக்கலாகப் பார்த்தால் இன்னும் மோசம். எங்கள் டெஸ்டிங்கில் ஒரு மோட்டார் சூடேறினால் அந்தச் செய்தி அதை நிறுத்தக்கூடிய சுவிட்சுக்குப் போக வேண்டும். வேறெங்கேயோ ஒரு மணியை அடித்துக்கொண்டிருந்தால் மோட்டார் எரிந்துவிடும். நம் வீட்டில் மணி எல்லாம் அவள் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. சரிசெய்யத் தெரிந்தவன் காதில் ஒன்றும் விழவே இல்லை. இதே நல்ல தண்ணீரை எடுத்துக்கொள். தொட்டிக்குள் மிதக்கிற பந்து வால்வு ஒன்றைப் போட்டுவிட்டால், வாசல் வால்வைத் திறந்தே வைக்கலாம். தண்ணீர் வந்தால் தானாக நிரம்பி, தானாக நிற்கும். தினமும் அதைவிடப் பெரிய வால்வுகளைக் கையில் பிடிக்கிற எனக்கு வீட்டில் ஒன்று மாட்டத் தோன்றவில்லை. தண்ணீர் வருகிறது என்ற செய்தி எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை, அவ்வளவுதான் காரணம். அப்பாவின் தோப்புப் பெட்டி ஏன் ஒழுங்காக ஓடுகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அது மரத்துக்குத் தண்ணீர் விடுகிற ஆளையே கூப்பிடுகிறது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் மேடத்துக்குப் போன் பண்ணாத," என்றேன். "டெஸ்ட் இன்னும் முடியல."

வியாழக்கிழமை கம்பெனி விட்டு வரும்போதே பந்து வால்வு வாங்கி வந்து மாட்டினேன். பாத்திரம் கழுவும் மெஷினை நல்ல தண்ணீர் லைனுக்கு மாற்றி, சிட்ரிக் ஆசிட் என்கிற எலுமிச்சை உப்பைப் போட்டு உள்ளே படிந்த வெள்ளையைக் கரைத்தேன். நல்ல தண்ணீரை இதற்கு வீணாக்குவதா என்று உனக்குத் தோன்றலாம். குழாயைத் திறந்துவிட்டுக் கையால் கழுவுவதைவிட அந்த மெஷின் குறைவாகத்தான் குடிக்கிறது. தரை பெருக்கும் உருண்டையையும் ஸ்பீக்கரையும் கம்பெனியில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். நிலைப்படி, தமிழ் இரண்டையும் பற்றி எச்சரித்துத்தான் கொடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் நம்பர் மாற்ற உட்கார்ந்தோம். இது எவ்வளவு கேவலமான வேலை என்று உனக்குத் தெரிய வேண்டும். ஒரு இடத்தில் அவள் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட, முதலில் அவள் நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், பிறகு என் நம்பருக்கு ஒன்று. நான் லேப்டாப்போடு தரையில், அவள் இரண்டு போனையும் மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில், நீ நடுவில் தூக்கத்தில். அவள் எண்களை வாசிப்பாள், நான் அடிப்பேன். நேரம் முடிந்துவிட்டது, மறுபடி முயல்க என்று வரும். கரண்ட் ஆபீஸ் முடிந்தது, ஃபில்டர் முடிந்தது. கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டால், பேசிய பெண் நம்பவே இல்லை.

"சார் நம்பரையா போடச் சொல்றீங்க? மேடம் ஊட்ல இல்லீங்களா?"

"மேடம் இங்கதான் இருக்கறாங்க. என்ற நம்பரப் போடுங்க."

"சிலிண்டர் வரப்போ நீங்க போன எடுப்பீங்களா சார்? ஜென்ஸ் யாருமே எடுக்க மாட்டாங்க. பையன் வாசல்லயே நின்னுட்டு எங்களத் திட்டுவான்."

உன் அம்மா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல். கடைசியாகத் தெரு வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டு, தான் வெளியேறினாள். எதிர்வீட்டு அக்கா உடனே கேட்டார்: "இது ஆருங்க புதுசா?" உன் அம்மா என் போனிலேயே பதில் போட்டாள்: "எங்கூட்டு மோட்டார் ஆபரேட்டருங்." நாலைந்து பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அந்த மேடத்துக்குப் போன் பண்ணினாள். வாரேனுங்க என்றாள்.

நீ வீடு வைக்கும்போது உனக்கும் ஒரு துணை இருந்தால், இருவரும் வேலைக்குப் போகிறவர்களாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது நான் சொன்ன ஃபேனும் கிரைண்டரும் இருக்குமோ இருக்காதோ. மெஷின்கள் நம்பரே கேட்காமல் முகத்தைப் பார்த்தே ஆளைப் பிடித்துக்கொள்ளும் காலமாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், ஒரு பொருளை வாங்கும்போது இது பழுதானால் யாரைக் கூப்பிடும் என்று கேள். "நான் உதவி பண்றேன்" என்று சொல்லாதே, அது அடுத்தவர் வேலையில் கை வைக்கிறவன் பேசுகிற பேச்சு. ஒரு வேலையை எடுத்தால் நினைவு வைப்பதில் இருந்து துடைத்து வைப்பது வரை முழுசாக எடு. பாதியை அவள் எடுப்பாள், பாதியை நீ எடுப்பாய், அந்தக் கணக்கை நீங்களே பேசிக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் எல்லாம் பிடிபடவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த வியாழக்கிழமை, உன் பிளே ஸ்கூலில் மஞ்சள் சட்டை போட்டு அனுப்பச் சொன்னது என் போனில்தான் வந்தது. நான் பச்சை போட்டு அனுப்பினேன். மிஸ் என்னைத்தான் கூப்பிட்டுத் திட்டினார். திட்டு சரியான இடத்துக்கு வந்ததில் எனக்குத் திருப்தி.

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். காலையில் அவள் பொள்ளாச்சி பஸ் ஏறினாள். உன்னை விட்டுவிட்டு நான் கம்பெனிக்குப் போனேன். மத்தியானம் வரை அவளிடம் இருந்து ஒரு போனும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. அங்கே ஒரு மெஷின் இருக்கிறதாம், ஒரே ட்யூபில் அத்தனை டெஸ்ட்டும் எடுக்கிறதாம். அது காட்டும் அளவு சரிதானா என்று யாரும் சோதித்துத் திருத்தி வைக்கவில்லையாம். இவள் சொன்னதும் மேடம் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சாயந்திரத்துக்குள் நீயே திருத்து என்றாராம். மூச்சு விடாமல் பேசினாள். நடுவில் என் போனில் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. நான் தயங்கியது அவளுக்குக் கேட்டுவிட்டது.

"யாருங்க?"

"கேஸ்காரன்."

"எடுங்க எடுங்க," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "உங்களுக்குத்தானுங்க."

எடுத்தேன்.

அப்பா